உப்புப் பூக்கும் மூட்டு

வீட்டுக் கடல்மீன் தொட்டிக்கு பிவிசி குழாய்தான் சரி. பித்தளை வால்வு உறுதியானதாயிற்றே என்பார்கள். ஆனால் சிப்பி போன்ற உயிர்களுக்குப் பித்தளையிலுள்ள செம்பு சிறிது கரைந்தாலும் நஞ்சு. பிவிசி மூட்டைப் பசை போட்டு ஒட்டினால் கழற்ற முடியாதே என்பது நியாயமான கேள்வி; மோட்டாருக்குப் பக்கத்தில் திருகிக் கழற்றும் யூனியன் இணைப்பு ஒன்று வைத்தால் தீர்ந்தது.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கசிந்த துளி காய்ந்ததும் மூட்டில் வெள்ளையாகப் பூத்து, இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கிறது. எனக்கு இதில் தனி மதிப்பு. கசியும் மூட்டின்மேல் பசை பூசுவது வீண். தண்ணீரை வடித்து, மூட்டை அறுத்தெடுத்து, பிசிறு தேய்த்து, ஈரமில்லாமல் துடைத்துப் புதிதாக ஒட்ட வேண்டும். எட்டயபுரம்போல் கடல் தள்ளியிருக்கும் ஊரில் இது இன்னும் அவசரம்: ஆவியானதற்கு நல்ல தண்ணீர் போதும், கசிந்ததற்கும் அதையே ஊற்றினால் தொட்டியில் உப்பு குறைந்துவிடும்.