காணவில்லை என்றால் இல்லை என்றா?

2019 அக்டோபரில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பெக்கர் என்னும் ஊர்ப் பக்கம் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் தன் நாயோடு காணாமல் போனான். சுமார் அறுநூறு பேர் திரண்டு தேடினார்கள். நள்ளிரவு தாண்டி, வெப்பக் கேமரா பொருத்திய ட்ரோனின் திரையில் சிறு வெப்பப் புள்ளி தெரிந்தது. மக்காச்சோளக் கொல்லைக்குள் பையனும் நாயும் உயிரோடு இருந்தார்கள்.

இந்த வெற்றியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குளிர்ந்த தரை, சூடான உடம்பு, கூரைபோல் மூடிக்கொள்ளாத பயிர். எல்லாமே ட்ரோனுக்குச் சாதகம்.

வெப்பக் கேமரா எதையும் ஊடுருவிப் பார்க்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது படிப்பது மேற்பரப்பின் சூட்டை மட்டும்தான். அடர்ந்த காட்டின்மேல் பறந்தால் இலைகளின் சூடுதான் தெரியும். பகலெல்லாம் வெயில் குடித்த பாறை, இருட்டிய பிறகும் ஆள் படுத்திருப்பதுபோல ஒளிரும். விடியலுக்கு முந்தைய நேரம் தேடலுக்கு நல்லது என்பது இதனால்தான். உயரமும் ஒரு கணக்கு. 640 புள்ளி அகலமுள்ள வெப்பக் கேமராவை 100 மீட்டர் உயரத்தில் பறக்கவிட்டால், வழக்கமான லென்ஸில் ஒரு புள்ளிக்குள் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் தரை அடங்கும். மல்லாந்து கிடப்பவர் இருபது புள்ளி நீளத்துக்குத் தெரிவார். புதரிலிருந்து தலை மட்டும் நீட்டியிருந்தால் இரண்டோ மூன்றோ. முயலும் அவ்வளவுதான் இருக்கும். தாழப் பறந்தால் தெளிவு கூடும். ஆனால் அரைமணி நேர பேட்டரிக்குள் பார்த்து முடிக்கிற பரப்பு சுருங்கிவிடும்.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண் மூடியபோது தேடல் வேறு வகையானது. இறந்த உடல் சுற்றுப்புறத்தின் சூட்டுக்கு இறங்கிவிடும். அதன்மேல் ஆளுயரச் சேறு. ஆறு புதிதாக வெட்டிக்கொண்ட வழியையும், வீடுகள் நின்ற இடத்தையும் மேலிருந்து காட்டியதில் ட்ரோன்களுக்குப் பெரிய பங்கு உண்டு. உடல்களோ சாலியாற்றில் அடித்துச் செல்லப்பட்டு மலப்புறம் மாவட்டத்து நிலம்பூர்ப் பக்கம் ஒதுங்கின. அவற்றைக் கரையோரம் நடந்தவர்கள்தான் எடுத்தார்கள். அதே மாதம் கர்நாடகத்தின் சிரூர் நிலச்சரிவில் ட்ரோனில் ஏற்றிய உணர்கருவி, கங்காவளி ஆற்றுக்குள் உலோகம் இருக்கக்கூடிய இடங்களைச் சுட்டியது. ஆற்றின் வேகம் முக்குளிப்பவர்களை இறங்கவிடவில்லை. தூர்வாரும் கப்பல் வந்து, அந்தச் சரிவில் ஆற்றுக்குள் போன லாரியை மீட்டபோது செப்டம்பர் கடைசி.

இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு. இத்தாலியின் மொன்விசோ மலையில் 2024 செப்டம்பரில் காணாமல் போன மலையேறி ஒருவரின் உடலை, அடுத்த ஆண்டு ஜூலையில் கண்டுபிடித்தார்கள். இரண்டு ட்ரோன்கள் ஐந்து மணி நேரத்தில் எடுத்த 2,600 அளவிலான படங்களை செயற்கை நுண்ணறிவு அலசி, இருண்ட பாறைப் பிளவில் ஒரு சிவப்புப் புள்ளியைக் குறித்தது. அது அவர் தலைக்கவசம். ஆள் கால் வைக்க அஞ்சும் செங்குத்துப் பாறையில் இதை வேறு எதனாலும் செய்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். ஆனால் எந்தப் பிளவுகளைப் படமெடுப்பது என்று முடிவு செய்தவர்கள் அந்த மலையை அறிந்த மீட்பாளர்கள்.

எனக்குள்ள பெரிய குறை கருவியின்மேல் அல்ல. வரைபடத்தில் போடுகிற கோட்டின்மேல். ட்ரோன் பறந்து முடித்ததும் அந்தப் பகுதி 'பார்த்தாகிவிட்டது' என்று அடிக்கப்படுகிறது. தமிழில் 'காணவில்லை' என்ற ஒரே சொல் 'ஆள் தொலைந்தார்' என்பதற்கும் 'கண்ணில் படவில்லை' என்பதற்கும் பொருந்தும். தேடுகிறவருக்கு இரண்டும் ஒன்றாகிவிடக் கூடாது. எந்த நேரத்தில், எந்த உயரத்தில், எவ்வளவு இலைமறைவின்மேல் பறந்தது என்று கோட்டுக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்தால், அந்த இடத்துக்கு மறுபடி ஆள் அனுப்பலாமா என்று அடுத்து வருபவர் முடிவு செய்வார்.

அதே வயநாட்டில், அட்டமலைக் காட்டில் மழையில் ஒரு தாயையும் குழந்தையையும் வனத்துறை ஊழியர்கள் எதிர்கொண்டார்கள். மற்ற மூன்று பிள்ளைகளும் தகப்பனும் குகையில் இருப்பது தெரியவந்தது. வழுக்கும் பாறையில் கயிறு கட்டி ஏறிப் போனார்கள். போர்வையைக் கிழித்து, குளிரில் விறைத்திருந்த பிள்ளைகளைத் தங்கள் உடம்போடு கட்டிக்கொண்டு இறங்கினார்கள். அந்தக் குகைக்கு மேலே பாறை. பாறைக்கு மேலே காடு.