ரெண்டர் ஓடட்டும், ரீஸ்டார்ட் காத்திருக்கட்டும்

கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களின் கம்ப்யூட்டர் பகலைவிட ராத்திரியில்தான் அதிகம் உழைக்கிறது. எக்ஸ்போர்ட்டைத் தட்டிவிட்டுப் படுக்கப் போவார்கள். நடுவில் அப்டேட் வந்து மெஷின் தானே ரீஸ்டார்ட் ஆகிவிட்டால், காலையில் திரையில் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டிருக்கும். பாதியில் நின்ற ஃபைல் எதற்கும் ஆகாது. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பில் இதைத் தடுக்க என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். தேவையானதெல்லாம் உள்ளேயே இருக்கிறது, தனி மென்பொருள் வேண்டாம். ஆனால் அது எல்லாம் பகலில் ஆபீஸ் போகிறவரை நினைத்து அமைக்கப்பட்டது. ராத்திரி வேலைக்காரர் அதைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும்.

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். அங்கே ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ இருக்கிறது. நாம் வேலை செய்யும் நேரம் இது, இந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் செய்யாதே என்று சொல்லும் இடம். தானியங்கியாக விட்டால் நம் பழக்கத்தைப் பார்த்து அதுவே நேரம் குறித்துக்கொள்ளும். இதில்தான் சிக்கல். கீபோர்டைத் தொடாமல் ராத்திரி முழுக்க ஓடும் ரெண்டரை அது வேலையாகக் கணக்கில் எடுக்கும் என்று நம்ப முடியாது. அதனால் ‘மேனுவல்’ என்று மாற்றிவிடுங்கள். அதிகபட்சம் 18 மணி நேரம் கொடுக்கலாம். பலரும் காலையில் ஆரம்பித்து நள்ளிரவு வரை வைப்பார்கள். எடிட்டருக்கு அது நேர் எதிர். நான் சொல்வது மாலை 4 முதல் காலை 10 வரை. நள்ளிரவைத் தாண்டிப் போவதை அது தாராளமாக ஏற்கிறது. மிச்சமிருக்கும் ஆறு மணி நேரமும் பகல். அறிவிப்பு வந்தால் நாம் எதிரில் உட்கார்ந்திருப்போம், சேவ் செய்துவிட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

அதே பக்கத்தில் ‘கெட் மீ அப் டு டேட்’ என்று இன்னொரு ஸ்விட்ச். பெயரைப் பார்த்து நல்ல பிள்ளை என்று நினைத்து ஆன் செய்துவிடாதீர்கள். 15 நிமிடம் முன்பு சொல்லிவிட்டு, ஆக்டிவ் ஹவர்ஸ் என்றும் பாராமல் ரீஸ்டார்ட் செய்ய அனுமதி கொடுக்கும் ஸ்விட்ச் அது. அதற்குப் பதில், ரீஸ்டார்ட் தேவைப்படும்போது அறிவிக்கச் சொல்லும் ஸ்விட்சை ஆன் செய்து வையுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது முதல் பக்கத்திலேயே இருக்கும் ‘பாஸ் அப்டேட்ஸ்’. ஒரு வாரத்திலிருந்து ஐந்து வாரம் வரை அப்டேட்டைத் தள்ளிப்போடலாம். முகூர்த்த நாட்கள் நெருக்கமாக வரும் மாதத்துக்கு இதைவிட நிம்மதி கிடையாது. கெடு முடிந்ததும் காத்திருக்கும் அப்டேட்டுகளைப் போட்டுக்கொண்டால்தான் மறுபடி தள்ளிப்போட விடும். நியாயமான நிபந்தனைதான். ஏற்கெனவே இறங்கி ரீஸ்டார்ட்டுக்காக நிற்கும் அப்டேட் இருந்தால், அதை முடித்துவிட்டுப் பிறகு பாஸ் செய்யுங்கள்.

மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி என்றால் நமக்குச் செவ்வாய் இரவு 10.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 11.30. எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுப் படுக்கும் நேரம் பார்த்துத்தான் வருகிறது! அந்த வாரம் புதனோ வியாழனோ பகலில் நாமே அப்டேட்டைப் போட்டு ரீஸ்டார்ட் செய்துவிட்டால் மாதத்தின் பெரிய தொல்லை முடிந்தது.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவர்கள் அந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸில் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ ஆன் செய்தால் பெரும்பாலான அப்டேட்டுகள் தானாக இறங்காது; டேட்டாவும் மிச்சம். ஆனால் இது நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் தனித்தனி. மண்டபத்து வைஃபையில் சேர்ந்த நொடியில் பாதுகாப்பு போச்சு.

சர்வீசஸில் போய் அப்டேட்டையே நிறுத்திவிடச் சொல்லும் வீடியோக்கள் யூடியூபில் ஏராளம். பரிந்துரைக்க மாட்டேன். நிறுத்தியதைத் திரும்ப எழுப்பிவிட ‘மெடிக்’ என்று இன்னொரு சர்வீஸே விண்டோஸில் இருக்கிறது. அதையும் அடக்கிவிட்டால் ஆபத்து வேறு. 2017 மே 12-ல் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-லேயே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். ஐந்து வாரம் தள்ளலாம், வருடக்கணக்கில் தள்ளக் கூடாது.

ப்ரோ பதிப்பு வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக க்ரூப் பாலிசி எடிட்டர் உண்டு. யாராவது லாகின் செய்திருக்கும்வரை தானாக ரீஸ்டார்ட் செய்யாதே என்ற விதி அதில் இருக்கிறது. அப்டேட்டைக் குறித்த நேரத்தில் நிறுவும்படி வைத்திருந்தால்தான், அதாவது அங்கேயே உள்ள தானியங்கி அப்டேட் விதியின் நான்காவது ஆப்ஷனில்தான், அது வேலை செய்யும். ஹோம்காரர்கள் இதற்காக மட்டும் காசு செலவழித்து ப்ரோவுக்கு மாற வேண்டியதில்லை. ப்ரோ இருந்தால், ராத்திரி திரையைப் பூட்ட விண்டோஸ் பட்டனோடு ‘எல்’ அழுத்துங்கள், அந்த விதிக்கு நீங்கள் இன்னும் லாகினில்தான் இருக்கிறீர்கள். சைன் அவுட் கொடுத்தால் அப்டேட் வரும்வரை காத்திருக்கவே வேண்டாம், ரெண்டர் அங்கேயே நின்றுவிடும்.