போர்க்காலத் திரைப்படமும் மக்கள் மனத்திடமும்

இரண்டாம் உலகப் போரின்போது தமிழில் எடுக்கப்பட்ட போர்ப் பிரசாரப் படங்களைப் பற்றித் திரைப்பட வரலாறு எழுதுவோர் ஓரிரு வரிகளில் சொல்லிச் சென்றுவிடுகின்றனர். மக்களின் மனத்திடத்தைக் காப்பதற்கென்றே பிறந்த அப்படங்கள் எந்த மக்களை எண்ணி எடுக்கப்பட்டன? இக்கேள்வியைத் தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் நின்று கேட்டுப் பார்ப்போம்.

தென்காசிக்கு வடக்கே உள்ள கடையநல்லூரிலிருந்து நெசவாளர் குடும்பங்கள் பல போருக்கு முன்னரே பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்றிருந்தன. 1941-இல் கடையநல்லூர் முஸ்லிம்கள் சிங்கப்பூரில் தமக்கெனச் சங்கமே அமைத்துக்கொள்ளும் அளவுக்கு அங்கே வேரூன்றியிருந்தனர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. கப்பல் நின்றது, கடிதம் நின்றது, மாதந்தோறும் வந்த பணமும் நின்றது. இங்கிருந்த தாய்மாருக்கும் மனைவியருக்கும் போர் என்பது குண்டு வீச்சன்று, பதில் வராத மௌனமே.

அரசின் கவலை வேறாக இருந்தது. கச்சா பிலிம் தட்டுப்பாட்டால் படத்தின் நீளம் 11,000 அடிக்கு மிகலாகாது எனக் கட்டுப்பாடு வந்தது. பிலிமுக்கு உரிமம் தேவைப்பட்டது. போர் முயற்சிக்குத் துணைநிற்கும் படம் எடுக்குமாறு தயாரிப்பாளர்கள் நெருக்கப்பட்டனர். 1943 முதல் அரசின் போர்ச் செய்திப் படங்களைத் திரையரங்குகள் கட்டாயமாகக் காட்ட வேண்டியிருந்தது. இந்தச் சூழலில்தான் 1945-இல் 'மானசம்ரட்சணம்', 'பர்மா ராணி', 'கண்ணம்மா என் காதலி' ஆகியவை வெளிவந்தன.

'மானசம்ரட்சண'த்தை இயக்கியவர் கே. சுப்பிரமணியம். 1939-இல் 'தியாகபூமி'யைத் தந்து, ஆங்கில அரசின் தடையையும் பெற்றவர் அவரே. குற்றாலத்து ரசிகமணி டி.கே.சி.யின் அன்புக்குரிய நண்பரான கல்கியின் கதை அது. தடை செய்த அரசுக்கே ஆறாண்டுக்குள் பிரசாரப் படம் எடுத்தாரே என்று அவரைத் தூற்றுவது எளிது. நாம் அவ்வாறு செய்யோம். பாசிசத்தை எதிர்ப்பதும் ஆங்கிலேயரை எதிர்ப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்று அக்காலத்தில் எண்ணியோர் பலர் உண்டு.

நம் குறை வேறு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் டி.ஆர். சுந்தரம் இயக்கிய 'பர்மா ராணி'யில் அவரே ஜப்பானியத் தளபதியாக நடித்தார். பகைவர் பிடியிலுள்ள நாட்டில் சிக்கிய இந்திய விமானப்படை வீரர், அவர்களுக்குத் துணைநிற்கும் வீரப்பெண் என விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆயினும் பகைவன் அங்கே மேடை நாடகத்து வில்லனாகவே நிற்கிறான். ஜெமினியின் 'கண்ணம்மா என் காதலி' ரங்கூன் குண்டு வீச்சைப் பின்னணியாகக் கொண்டிருந்தும், கொத்தமங்கலம் சுப்பு அதைக் காதல் கதையாக்கினார். பர்மாவிலிருந்து மலையும் காடும் கடந்து நடந்தே வந்த லட்சக்கணக்கான இந்தியரின் பசிக்கும் சாவுக்கும் அந்நாளைய திரையில் உரிய இடம் கிடைக்கவில்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. ஜப்பானியர் கொடியவர் என்று அப்படங்கள் சொன்னது பொய்யன்று. சயாம்–பர்மா ரயில் பாதைப் பணிக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அங்கே மாண்டனர். அதே மலாயாவில், அதே ஜப்பானியரின் துணையோடு, நேதாஜியின் படையில் ஆயிரக்கணக்கான தமிழர் சேர்ந்தனர். பெண்களும் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். மகன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று அறியாத தாய்க்கு, "பகைவனை வெறு" என்னும் திரைப்படம் என்ன திடத்தைத் தந்திருக்க முடியும்?

போரின் நடுவே, 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதில் போரே இல்லை. பெற்றோரை வெளியேற்றிய மகன் கால்களை இழந்து, மனம் வருந்தி, அவர்களுக்கே தொண்டனாகிறான். பாகவதரின் குரலுக்காகவே கூட்டம் வந்தது என்பர், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பிள்ளைகள் கடலுக்கு அப்பால் தொலைந்திருந்த ஆண்டுகளில், மகன் பெற்றோரிடம் திரும்பி வரும் கதையை மக்கள் மீண்டும் மீண்டும் பார்த்தனர். அரசு பிலிம் அளந்து கொடுத்துச் செய்விக்க முயன்றதை இப்படம் யாரும் ஏவாமலே செய்தது என்பது நம் கருத்து.