எருக்கஞ்செடியில் ஒரு வெந்தய வரியன்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் திண்டுக்கல் சமவெளியில் எருக்கு தழைத்துவிடும். சின்னாளபட்டிச் சாலையோரம், வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டு வரப்பு, ஊருக்குள் வீடு கட்டாமல் கிடக்கும் மனை என எங்கும் அதைப் பார்க்கலாம். அதன் காலடியில் வெட்டுக்காயப் பூண்டு பூத்துக் கிடக்கும். வண்ணத்துப்பூச்சியைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் சிறுமலைக்கு ஏறுவது வழக்கம். மலையில் அரியவை உண்டு. ஆனால் நிறத்தின் நுட்பத்தை நிதானமாகச் சுவைக்க இந்த எருக்கங்காடே போதும். வெந்தய வரியன் குடியிருப்பது இங்கேதான்.

பறக்கும்போது பார்த்தால் ஆரஞ்சு இறக்கை, கருத்த முனை, அதில் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை, அவ்வளவுதான். மேக்ரோ லென்ஸை முழு உருப்பெருக்கத்துக்குக் கொண்டுபோனால் அதே இறக்கை வேறொன்றாக விரிகிறது. ஓட்டு வீட்டின் கூரைபோல, ஒன்றின் நுனி அடுத்ததன் அடியை மூட, வரிசை வரிசையாகச் செதில்கள். ஒரு செதிலின் நீளம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடக்குறைய இருக்கும். ஆரஞ்சும் கருப்பும் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். கண்ணுக்குக் கோடாகத் தெரிந்த எல்லை அங்கே கோடாக இல்லை. ஆரஞ்சுச் செதில்களுக்கிடையே ஒரு கருஞ்செதில், பிறகு இரண்டு, பிறகு கூட்டமாக, கடைசியில் முழுக் கருப்பு. இரு நிறத்தையும் யாரும் குழைக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியே அந்த மாற்றம் நிகழ்ந்திருக்கிறது.

இந்த அழகைக் காட்டுவது காலை வெயில். நேர் எதிரிலிருந்து அடிக்கும் ஃபிளாஷ், செதில்களின் நிழலை அழித்து இறக்கையைத் தட்டையாக்கிவிடும். மார்கழியில் தென்கிழக்கே சிறுமலைப் பக்கமிருந்து சாய்வாக வரும் வெயிலோ ஒவ்வொரு வரிசையின் விளிம்பையும் தொட்டு மேடும் பள்ளமுமாக எழுப்பிக் காட்டும். காலத்தையும் அந்த வெயிலே ஏற்பாடு செய்து தருகிறது. உடல் சூடேறாமல் வண்ணத்துப்பூச்சியால் பறக்க முடியாது. இரவெல்லாம் காய்ந்த குச்சியில் இறக்கையை மூடித் தொங்கியது, வெயில் பட்டதும் மெல்ல விரித்துக் குளிர்காயும். படம் எடுப்பவருக்கு வாய்க்கும் நேரம் அதுதான்.

இவ்வளவு நெருக்கத்தில் எஃப் 8 வைத்தாலும் துல்லியமாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். இறக்கை முழுதும் தெளிவாக வேண்டுமென்றால் கேமராவை அதற்கு இணையாகப் பிடிக்க வேண்டும். தலையை எடுப்பதானால் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்துவிட்டு மற்றதை மங்க விடலாம். அப்படி மங்க விடுவதிலும் ஒரு லாபம் உண்டு: கரிய தலையிலும் மார்பிலும் தெளித்த வெண்புள்ளிகள் பளிச்சென்று எழும். சுருண்ட உறிஞ்சுகுழல் அவிழ்ந்து, பூண்டுப்பூவின் நடுவிலுள்ள மஞ்சள் சிறுபூக்களை ஒவ்வொன்றாகத் துழாவுவதையும் காணலாம். நிற்பது நான்கு கால்களில். முன்னங்கால் இரண்டும் சிறுத்து மார்போடு ஒட்டியிருக்கும்.

பின்னிறக்கையின் நடுவில் கரும்புள்ளிகள் மூன்று இருந்தால் அது பெண். நான்காவதாக ஒன்று, நடுவே வெண்மையோடு தடித்துத் தெரிந்தால் ஆண். பெண்ணைக் கவரும் மணம் சுரக்கும் பை அது. அந்தப் புள்ளிகளின் இடத்தில் ஒன்றுமே இல்லாமல் மேல் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு புள்ளி மட்டும் இருக்கிறதா? அப்படியானால் அது வெந்தய வரியனே இல்லை, அதன் வேடம் பூண்ட இன்னோர் இனத்தின் பெண். புழுப் பருவத்தில் தின்ற எருக்கிலையின் நஞ்சு உடம்பில் இருப்பதால் வெந்தய வரியனைப் பறவைகள் ஒதுக்குகின்றன. அந்தப் பாதுகாப்பைத் தானும் பெறத்தான் மற்றது இந்த உடையை இத்தனை துல்லியமாகத் தைத்துக்கொண்டிருக்கிறது. வேடம் கலைவது ஒரு புள்ளியில்.

எகிப்தில் நெபமுன் என்பவரின் கல்லறைச் சுவரில் சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முன் தீட்டிய நாணற்காட்டு வேட்டைக் காட்சியிலும் இதே வண்ணத்துப்பூச்சி பறக்கிறது. இப்போது அந்த ஓவியம் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ஓவியன் கண்ட வெள்ளைப் பட்டையை நம் ஊர் எருக்கஞ்செடியிலேயே காணலாம்.

படம் எடுக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அசையாமல் இருக்கட்டும் என்று வண்ணத்துப்பூச்சியைப் பிடித்துக் குளிரூட்டாதீர்கள். விடியலில் போனால் அது தானாகவே அசையாமல் இருக்கும். மனை வைத்திருப்பவர்களே, மூலையில் நிற்கும் ஓர் எருக்கையாவது வெட்டாமல் விட்டுவையுங்கள். அதன் இலையைத் தின்றுதான் இத்தனை நிறமும் வளர்கிறது.