போதனாமொழியும் பொருளறிவும்: கிறீன் வைத்தியர் முதல் இருமொழிக் கல்வி வரை

கல்வி என்பது மொழியின் வழியாகவே மாணாக்கன் உள்ளத்திற் புகுகின்றது. கணிதமாயினும் விஞ்ஞானமாயினும் சரித்திரமாயினும், ஆசிரியனது வாய்மொழியும் பாடநூலின் எழுத்துமே அதற்கு வாயில்களாம். அவ்வாயில் எம்மொழியில் அமைதல் வேண்டும் என்னும் வினா யாழ்ப்பாணத்திலே ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வருகின்றது. ஆங்கிலமே என்பார் ஒரு சாரார். தமிழே என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் தத்தம் கொள்கையை நாட்டுதற்கு நம் நாட்டுக் கல்வி வரலாற்றையே சான்று காட்டுவர். அவ்வரலாற்றை ஊன்றி நோக்குமிடத்து, இருவர்க்கும் அது முழுச் சான்றாகாமை புலனாகும். மொழியைத் தெரிவு செய்த அளவிலே கற்பித்தல் நிறைவுறுவதில்லை என்பதே அது நமக்கு உணர்த்தும் பாடம். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிலே தாபித்த செமினரி, உயர்தரக் கல்வியை ஆங்கில வாயிலாகப் புகட்டியது. கணிதம், வானசாஸ்திரம், தத்துவம் முதலியன அங்கே கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய கறல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை என்னும் இருவரும் அச்செமினரியின் பழைய மாணவர்களே. ஆங்கில போதனையின் சிறப்புக்கு இதனினும் சான்று வேண்டுமோ என்பர் ஒரு சாரார். ஆனால் அவர் மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. ஏட்டுச் சுவடிகளிற் கிடந்து அழிந்தொழிய இருந்த பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துத் தந்த தாமோதரம்பிள்ளை, சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழ் பயின்றவர். செமினரியிலும் தமிழ் ஒதுக்கப்படவில்லை. உறுதியான தமிழ்க் கல்வி என்னும் அடித்தளத்தின்மேலேயே அவரது ஆங்கிலக் கல்வி எழுந்தது. அடித்தளத்தை விட்டு மாடத்தை மாத்திரம் காட்டுதல் முறையன்று.

செமினரி 1855ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி மாணாக்கரை உத்தியோகத்துக்கு ஆயத்தஞ் செய்ததேயன்றி, மிஷன் கருதிய பயனைத் தரவில்லை என்னும் எண்ணம் அதற்கு ஒரு காரணமாயிற்று. இவ்வெண்ணத்தை வைத்தியக் கல்வியிலே செயற்படுத்திக் காட்டியவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) ஆவார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயிலே வைத்தியசாலை அமைத்து, உள்ளூர் இளைஞருக்கு மேலை வைத்தியத்தை முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவருட் பலர் அரசாங்க உத்தியோகம் நாடிச் சென்றனர். கிராமத்து நோயாளிக்கு வைத்தியன் கிடைத்திலன். ஆதலின் 1864ஆம் ஆண்டு தொடக்கம் அவர் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கலாயினார். அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர்.

தமிழிற் கற்பித்தற்குத் தமிழ் நூல்கள் வேண்டும். அங்காதிபாதம், பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்களை அவர் தம் மாணாக்கர் துணையோடு தமிழில் ஆக்கினார். தாமே தமிழ் கற்ற ஒரு பிறநாட்டார், உடற்கூற்றியலையும் சத்திரசிகிச்சையையும் அம்மொழியில் அமைக்கத் துணிந்தமை வியக்கத்தக்கது. ஏற்ற தமிழ்ச் சொல் உளதாயின் அதனைக் கொள்க. இன்றேல் வடசொல்லை நாடுக. அதுவும் பொருந்தாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழொலிப்படுத்துக என்பது அவர் சொல்லாக்க நெறி. நெறி என்ற அளவில் இது குறை கூறற்கு இடந்தராதது.

எனினும் பாடநூல் என்ற வகையில் அந்நூல்களை மதிப்பிடும்போது ஒரு குறையைச் சொல்லாமல் விடல் இயலாது. ‘அங்காதிபாதம்’, ‘சுகரணவாதம்’, ‘உற்பாலனம்’ என்னும் பெயர்களை நோக்குக. ஆங்கிலம் அறியாத கிராமத்து இளைஞனுக்கு இவை ஆங்கிலத்தினும் எளியனவாய் இருந்திருக்குமோ? ‘கெமிஸ்தம்’ என்பதோ ஆங்கிலச் சொல்லே தமிழுடை உடுத்து வந்ததாகும். இச்சொற்கள் தமிழெழுத்தில் அமைந்தன என்பது உண்மை. மாணாக்கனுடைய தமிழில் அமைந்தன என்பது ஐயத்துக்குரியது. அவ்வாறாயின் அவரது கற்பித்தல் வெற்றி பெற்றது எங்ஙனம்? அவ்வெற்றி நூலால் மாத்திரம் வந்ததன்று. மாணாக்கர் நோயாளியின் பக்கத்தில் நின்று கற்றனர். நூலிற் கண்ட சொல்லுக்குரிய பொருளைக் கண்ணெதிரே கண்டனர். நோயாளி தன் நோவைச் சொன்ன பேச்சுத் தமிழை நூற்சொல்லோடு நாடோறும் இணைத்துக்கொண்டனர். அரிய சொல்லை எளிதாக்கியது அவ்விணைப்பேயாகும். கிறீன் 1873இல் நாடு திரும்பியபின் தமிழ் வைத்தியக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. கொழும்பிலே 1870ஆம் ஆண்டு தொடங்கிய வைத்தியக் கல்லூரி ஆங்கில வழியிலேயே சென்றது. நூல்கள் எஞ்சின, அவற்றுக்கு உயிரூட்டிய வகுப்பு மறைந்தது.

கிறீன் பிறந்த ஆண்டிலேயே நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் (1822–1879), இதே வினாவை வேறொரு முனையிலிருந்து நோக்கினார். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த அவர், கற்பித்தற்குரிய நூல் இன்மையே முதற்குறை என்பதைக் கண்டு, பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். எழுத்து, சொல், சிறு வசனம், நெடு வசனம் என அவை படிமுறையில் உயர்வன. நாலாம் பாலபாடத்தை அடையும் மாணாக்கன், கொலை, களவு, கள்ளுண்ணல் முதலியவற்றைப் பற்றிய நீண்ட வசனங்களை வாசித்து, காரணமும் காரியமும் பொருத்திக் காணும் ஆற்றலைப் பெறுகின்றான். வாசிப்பைக் கற்பிக்கும் நூலே பொருளையும் கற்பித்தல் கூடும் என்பதை நாவலர் செய்து காட்டினார். ஆயினும் அப்பொருள் பெரும்பாலும் சமயமும் ஒழுக்கமுமே. கிறீன் விஞ்ஞானத்தைத் தந்தார், படிமுறையைத் தந்திலர். நாவலர் படிமுறையைத் தந்தார், விஞ்ஞானத்துக்கு அதனை விரித்திலர். இவ்விருவர் பணியையும் ஒன்றாக்கும் பாடநூலை நாம் இன்றுவரை முற்றாக ஆக்கிக்கொண்டோமா என்பதே கேள்வி.

1945ஆம் ஆண்டு கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. அதனோடு தொடக்க வகுப்புகளிலே தாய்மொழி போதனாமொழியாகிப் படிப்படியாக மேல்வகுப்புகளுக்கும் பரவிற்று. ஏழை வீட்டுப் பிள்ளையும் விஞ்ஞானம் கற்கும் வாயில் இதனாலேயே திறந்தது. இந்நன்மையை மறுப்பார் நன்றி மறந்தவராவர். ஆனால் தமிழில் எழுதியதனாலேயே பாடம் தமிழ்ப் பிள்ளைக்கு விளங்கிவிடும் என்று நாம் எண்ணியது பிழை. நம் பிள்ளை வீட்டிற் பேசுவது ஒரு தமிழ். நூலிற் காண்பது மற்றொரு தமிழ். விஞ்ஞான நூலிற் காண்பது மூன்றாவது தமிழ். ‘வேலை’ என்னும் சொல்லைக் கொள்க. கிணற்றடியிலே நீர் நிறைந்த வாளியைக் கையிற் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பவன் கை நோகும்வரை வேலை செய்ததாகவே கருதுவான். பௌதிகமோ அவன் அவ்வாளியின்மீது வேலை எதுவுஞ் செய்யவில்லை என்கின்றது. ‘வேகம்’ என்பதோ இன்னும் விந்தையானது. நம் நாட்டுப் பாடநூலிலே ‘கதி’ என்பது திசை குறியாதது, ‘வேகம்’ என்பது திசையோடு கூடியது. தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘வேகம்’ திசை குறியாதது. திசையோடு கூடியது ‘திசைவேகம்’ எனப்படும். பாக்குநீரிணையைக் கடந்தவுடன் ஒரு சொல் தன் பொருளை மாற்றிக்கொள்ளுகின்றது! ஒரு மொழியே இத்தனை மொழிகளாய் நிற்க, நம் மாணாக்கனை ஒருமொழியாளன் என்று கூறல் எங்ஙனம் பொருந்தும்?

2001ஆம் ஆண்டில் உயர்தர வகுப்பிலே ஆங்கில போதனை மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதனையடுத்து ஆறாம் வகுப்புத் தொடக்கம் சில பாடங்களை ஆங்கிலத்திலும் ஏனையவற்றைத் தாய்மொழியிலும் கற்பிக்கும் இருமொழிக் கல்வி வந்தது. இரண்டாம் தேசிய மொழியாகிய சிங்களத்தையும் நம் பிள்ளைகள் படிக்கின்றனர். இத்திட்டத்தின் நோக்கத்தை யாம் பழிக்கவில்லை. பழிக்கத்தக்கது அது வகுப்பறையில் நடைபெறும் முறையே.

யான் கண்ட ஒரு வகுப்பைக் கூறுதல் இங்குப் பொருந்தும். எட்டாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் அடர்த்தியின் வரைவிலக்கணத்தை ஆங்கிலத்திலே பிழையின்றி ஒப்பித்தான். மண்ணெண்ணெய் நீரின்மேல் மிதப்பது ஏன் என்று தமிழில் வினாவியபோது வாளாவிருந்தான். பின்வாங்கில் இருந்த ஒருவன், ‘எண்ணெய் பாரம் குறைவு, சேர்’ என்றான். ‘ஒரு பரல் மண்ணெண்ணெய் பாரமோ, ஒரு கோப்பைத் தண்ணீர் பாரமோ?’ என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது; பின் சிந்தித்தது. ‘அப்ப ஒரே அளவு எடுத்துப் பாக்கவேணும்’ என்றான் அவன். அந்நொடியிலேயே அடர்த்தி என்னும் கருத்து அவ்வகுப்பிற் பிறந்தது. ஒரு கன சென்ரிமீற்றர் நீர் 1 கிராம், மண்ணெண்ணெய் ஏறக்குறைய 0.8 கிராம் என்று எழுதியபின், ஆங்கில வரைவிலக்கணத்தை மீண்டும் வாசித்தோம். முதலில் ஒப்பித்தவன் இப்போது அதனை விளங்கி வாசித்தான். ‘விளங்கிச்சுதோ?’ என்று கேட்டு, ‘ஓம் சேர்’ என்னும் விடையோடு அமைந்துவிடுவதே நம்மிற் பலர் வழக்கம். அவ்வழக்கத்தினால் எத்தனை பிள்ளைகள் விளங்காமலே பரீட்சைக்குச் சென்றனர் என்பதை எண்ணும்போது மனம் வருந்துகின்றது. அவ்வருத்தத்தில் எனக்கும் பங்குண்டு.

கனடா நாட்டுக் கல்வியறிஞர் ஜிம் கமின்ஸ் 1979ஆம் ஆண்டு எடுத்துக்காட்டிய வேறுபாடு இதனைத் தெளிவுபடுத்தும். அன்றாட உரையாடற்குரிய மொழித்திறன் ஒன்று. பாடங்களைக் கற்றற்குரிய மொழித்திறன் மற்றொன்று. முன்னையதைப் பிள்ளை இரண்டாண்டளவிற் பெறலாம். பின்னையதற்கு ஐந்து முதல் ஏழாண்டு வரை செல்லும். ஒரு மொழியில் அடைந்த கருத்துத்தெளிவு மறுமொழியிலும் துணைநிற்கும் என்பதும் அவர் துணிபு. தாமோதரம்பிள்ளையின் வாழ்வே இதற்கு நம் ஊர்ச் சான்றாகும்.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை இவையெனத் தோன்றுகின்றன. ஒவ்வொரு பாடத்தின் ஆசிரியனும் அப்பாடத்தின் மொழியையும் கற்பிப்பவனாதல் வேண்டும். அதனைத் தமிழாசிரியர் அல்லது ஆங்கில ஆசிரியர் தலையிற் சுமத்தல் தகாது. கருத்து முதலிற் பிள்ளையின் பேச்சுத் தமிழிற் பிறக்கட்டும். பின் நூற்றமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஏறட்டும். சுண்ணக்கல் நிலத்திலே வாழும் பிள்ளைக்கு ஊற்று, உவர், நன்னீர் என்னும் சொற்கள் முன்பே தெரியும்; தரைக்கீழ் நீரைப் பற்றிய பாடத்தை அச்சொற்களிலிருந்து தொடங்குதல் ஆகாதோ? ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் மாணாக்கன் தான் விளங்கியதைத் தன் வசனத்திலே நாலு வரி எழுதல் வேண்டும். ஒப்பித்தவனும் விளங்கியவனும் அந்நாலு வரியிலே வேறுபட்டு நிற்பர்.

ஆங்கிலம் வேண்டாம் என்பது எம் கருத்தன்று; தமிழ் மாத்திரம் போதும் என்பதும் அன்று. எம்மொழியிற் கற்பிப்பினும் மாணாக்கன் உள்ளத்திலே பொருள் பிறந்ததா என்று நின்று நோக்குபவனே ஆசிரியன். மானிப்பாய் வைத்தியசாலையிலே நோயாளியின் பக்கத்தில் மாணாக்கரை நிறுத்திக் கற்பித்த கிறீன் அதனை நோக்கினார். வண்ணார்பண்ணையிலே சிறு வசனத்திலிருந்து நெடு வசனத்துக்குப் பிள்ளையைக் கைப்பிடித்து ஏற்றிய நாவலரும் அதனை நோக்கினார். அவர்தம் நூல்களைப் போற்றும் நாம் அவர்தம் நோக்கையும் கைக்கொள்வோமாக.