வேரும் முறையும்: செபுல்டுரா இசைக்குழுவின் வரலாறு குறித்த மறுவாசிப்பு

பிரேசிலின் த்ராஷ் மெட்டல் இசைக்குழுவான செபுல்டுராவைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கின்றன. 1984இல் பெலோ ஹொரிசோண்டே நகரில் மேக்ஸ், ஈகோர் காவலேரா சகோதரர்கள் தொடங்கிய குழு, 1996இல் வெளியான 'ரூட்ஸ்' தொகுப்பில் தன் வேரைக் கண்டடைந்தது. அவ்வாண்டின் இறுதியில் மேக்ஸ் விலகியதும் அதன் வரலாறு முடிந்தது. இக்கதையின் இரு பாதிகளும் ஐயத்திற்குரியவை.

தொடக்கத்தில் குழுவின் இசையில் பிரேசில் இல்லை. இராணுவ ஆட்சி 1985இல்தான் முடிந்திருந்தது. மறு ஆண்டு வந்த 'மார்பிட் விஷன்ஸ்' வெளிநாட்டுக் குழுக்களிடம் கேட்டறிந்த சாத்தான் உருவகங்களையே ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னது. ஆண்ட்ரியாஸ் கிஸ்ஸர் இணைந்தபின் வந்த 'பினீத் த ரிமெய்ன்ஸ்' (1989) தேர்ந்த படைப்பு. ஆயினும் கேட்பவர் அதனைக் கலிஃபோர்னியக் குழுவினுடையது எனக் கொள்ளவும் இடமுண்டு. ஒலிநாடாக்கள் அஞ்சலில் கைமாறி வளர்ந்த இசைவகைக்கு இது குறையன்று.

திருப்பம் 'கேயாஸ் ஏ.டி.' (1993) தொகுப்பில் நிகழ்கிறது. சாவோ பாவுலோவின் கரந்திரு சிறையில் 1992இல் 111 கைதிகள் கொல்லப்பட்டதை அதன் 'மேனிஃபெஸ்ட்' பாடல் பேசுகிறது. வேகம் தணிந்து ஈகோரின் முரசு முன்னே வருகிறது. இங்கு நாடு அலங்காரமாக அன்றி, தீராத வழக்காக இசைக்குள் நுழைகிறது.

'ரூட்ஸ்' தொகுப்பின் நேர்மையான பகுதி 'இட்சாரி'. சவாந்தே பழங்குடியினர் தாமே பாட, குழு மின்கிதாரைக் கைவிட்டு அவர்களது தாளத்திற்கு இணங்குகிறது. ஆனால் நகரத்து இளைஞர்களுக்குச் சவாந்தேயின் வேர் தம் வேராகுமா? தொகுப்பின் தலைப்பு அவ்வுரிமையை மிக எளிதாகக் கோருகிறது. திறனாய்வாளர் பலரும் அதனை வினவாது ஏற்றனர்.

அமெரிக்கரான டெரிக் கிரீன் பாடகராக வந்தபின் வெளியான 'அகெய்ன்ஸ்ட்' (1998) தொகுப்பில் ஜப்பானின் கோடோ முரசுக் குழு சேர்ந்திசைக்கிறது. தாந்தேயின் காவியத்தை ஒட்டி 2006இலும், ஆந்தனி பர்ஜெஸின் நாவலை ஒட்டி 2009இலும் தொகுப்புகள் வந்தன. பிறரது தாளத்தின், பிரதியின் அருகே தன் இசையை வைத்துச் சோதிப்பதே குழுவின் முறை. 'ரூட்ஸ்' அம்முறையின் ஒரு கட்டம் மட்டுமே. எனவே 1996ஐ முடிவாகக் கொள்வது பொருந்தாது. இசையளவில் பேரிழப்பு 2006இல் ஈகோர் விலகியதே. குழு தன் விடைபெறும் பயணத்தை 2023 டிசம்பரில் அறிவித்தபோது, மேக்ஸ் குழுவில் இருந்த காலத்தைப் போல ஏறத்தாழ இருமடங்குக் காலம் கிரீன் பாடியிருந்தார்.