படுத்துக்கிடத்தல் நியாயமாகுமா?

2021 ஏப்ரலில் சீனாவின் பைடு இணையத்தளத்தில் ஒரு சிறு கட்டுரை வெளியாயிற்று. படுத்துக்கிடத்தலே நியாயம் என்பது அதன் தலைப்பு. அதனை இலக்கியம் என்பார் இலர். ஆயினும் 'தாங் பிங்' என்னும் சொல் சீன வாலிபரிடையே ஓர் இயக்கத்தின் பெயர்போல் பரவியதற்கு அதுவே வித்து. ஆகவே, சோம்பேறியின் புலம்பல் என்று ஒதுக்காது, அதனை ஒரு வாதமாகவே படித்தல் தகும்.

எழுதியவர் முன்னர் ஆலையில் உழைத்தவர். ஈராண்டுகளாக நிலையான வேலையின்றி, மிகக் குறைந்த செலவில் வாழ்ந்தவர். அயலாரோடு ஒப்பிடுவதும் மூத்தோரின் எதிர்பார்ப்புமே நெஞ்சை அழுத்துகின்றன என்கிறார். இதன் பின்னணியை நோக்க வேண்டும். காலை 9 முதல் இரவு 9 வரை, வாரம் 6 நாள் என்னும் '996' வேலைமுறையை 2019இல் அலிபாபா நிறுவனர் ஜாக் மா ஊழியர் பெற்ற பெரும் பேறு என்றார். அவர் எடுத்தாண்ட சொல் பௌத்த வழக்கில் நல்வினைப் பயனைக் குறிப்பது. உழைப்புச் சுரண்டலுக்குச் சமயச் சொல்லால் பொன்முலாம் பூசுவது புதிதன்று; நாம் அறியாததும் அன்று. அம்முறை சட்டவிரோதம் என உச்ச மக்கள் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது 2021 ஆகஸ்டில்தான்.

வாதம் தளர்வது அடுத்த பகுதியில். மனிதனின் தன்மதிப்பைப் போற்றும் சிந்தனை தம் நாட்டில் எழுந்ததேயில்லை என்று கூறி, ஆசிரியர் கிரேக்கரான தியோகேனேசையும் ஹெராக்லீட்டசையும் துணைக்கழைக்கிறார். (லோகாஸ் என்னும் சொல்லும் வருகிறது, நம் மாணவர் உடனே யோவானிடம் ஓடவேண்டா.) சுவாங்சுவை எப்படி மறந்தார்? எதற்கும் பயன்படாமையால் தச்சனின் கோடரிக்குத் தப்பி நெடுங்காலம் நின்ற கோணல் மரத்தின் கதை, இவர் சொல்ல விழைந்ததை இவரினும் நன்றாகச் சொல்கிறது. தன் வீட்டுக் கிணற்றை விட்டு அயலூரில் நீர் தேடுகிறார்.

2021 மே மாதத்தில் நான்ஃபாங் நாளிதழ் இப்போக்கை வெட்கக்கேடு என்று கடிந்தது. கடிந்தவர் காரணத்தை ஆராய்ந்தாரில்லை. 2023 ஜூனில் நகர்ப்புற இளைஞருள் வேலையின்மை 21.3 விழுக்காடு என்று அரசே அறிவித்தது; பின் சில மாதம் அக்கணக்கு வெளியிடப்படாது நின்று, மாற்றிய முறையில் மீண்டும் வந்தது. எழுந்து நின்றும் வேலை கிடையாதவனைப் படுத்துக்கிடப்பவன் என்று ஏசுவது எந்த நீதி?

எனினும் இக்கட்டுரையின் மனிதன் தனியன். 1980 முதல் 2015 வரை ஒரே குழந்தைச் சட்டத்தின்கீழ்ப் பிறந்த தலைமுறையில் உடன்பிறந்தார் இல்லாதோர் பலர். அத்தகையவன் படுத்துக்கிடந்தால் முதிய பெற்றோரைத் தாங்குபவர் யார் என்பதற்கு இதில் ஒரு வரியும் இல்லை.